எடுத்துக் கொடுக்கக் கூடாது

"அம்மா, அந்த… அந்த…" என்று சொல்லிவிட்டுச் சுபி சமையலறை வாசலில் நிற்கிறாள். பாதி உரித்த வெங்காயம் என் கையில் இருக்கிறது. நான் அவள் வாயைப் பார்க்கிறேன், பார்க்கக் கூடாது, வாயைப் பார்த்தால் பரீட்சை எழுதுகிற மாதிரி இருக்கும் அவளுக்கு, கண்ணைப் பாருங்க, இல்லாட்டி ஏதாவது வேலை செஞ்சுக்கிட்டே இருங்க என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள், சரி, வெங்காயத்தைப் பார்க்கிறேன், உரிக்கிறேன், தோல் தனியாக வராமல் சதையோடு சேர்ந்து வருகிறது. அவசரமில்லை சுபி, அவசரமே இல்லை. இதை வாய்விட்டுச் சொன்னேனா மனதுக்குள் சொன்னேனா தெரியவில்லை. வாய்விட்டுச் சொல்லியிருந்தால் குரலிலேயே அவசரம் தெரிந்திருக்கும், பிறந்ததிலிருந்து என் குரலைக் கேட்கிறவள், கண்டுபிடித்துவிடுவாள். இன்றைக்கு லேட். ஆட்டோ வந்த சத்தமே கேட்கவில்லை. தினமும் தெருமுனையிலேயே ஹாரன் கேட்கும், பிறகு கேட் கிறீச்சிடும், ஷூவைக் கழற்றி எறிகிற சத்தம், அம்மா என்று ஒரு குரல், அது மட்டும் எப்போதும் தடுமாறாமல் வந்துவிடும். இன்றைக்கு ஹாரன் இல்லை. தெருவிளக்கு எரிய ஆரம்பித்த பிறகு நடந்து வந்திருக்கிறாள், முகமெல்லாம் வியர்வை, ஷூவைக் கழற்றாமல் உள்ளே வந்திருக்கிறாள், பை முதுகிலேயே இருக்கிறது. பையின் வார் அழுத்துகிற இடத்தில், வலது தோளில், ஒரு பின் தொங்குகிறது. பின் மட்டும். துப்பட்டாவைக் காணோம். காலையில் நான்தான் இரண்டு தோளிலும் மடிப்பு வைத்துக் குத்தி அனுப்பினேன், ஆடாதே குத்திடும் என்று திட்டினேன், இப்போது பின் திறந்து, ஒரு நூல் இழை அதில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. இழுத்தால்தான் அப்படி நூல் வரும். யார் இழுத்தது. கேட்கக் கூடாது. கேட்காதே. வெங்காயம் கையிலிருந்து விழுந்து அடுப்புக்கு அடியில் உருண்டு போகிறது, போகட்டும்.

"அந்த… அது… ஆட்டோ," என்கிறாள். ஆட்டோ என்ற சொல் வந்துவிட்டது. ஒரு சொல் வந்துவிட்டால் அடுத்தது அதைப் பிடித்துக்கொண்டு வரும் சில நேரம், சில நேரம் அந்த ஒன்றோடு கதவு மூடிக்கொள்ளும். எல்லாச் சொல்லும் உள்ளேதான் இருக்கு, எடுக்கத்தான் நேரமாகுது, ஸ்கேன்ல ஒண்ணுமில்ல என்று பெரிய டாக்டர் சொன்னபோது நான் அழுதேன், அவர் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். ஒன்றுமில்லை என்றால் எதற்கு மருந்து கொடுப்பது. கட்டி இருக்கிறது, அடைப்பு இருக்கிறது என்று சொல்லியிருந்தால் இவர்கள் வெட்டி எடுத்திருப்பார்கள், நானும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்திருப்பேன், அந்தக் காத்திருப்புக்கு ஒரு முடிவு இருந்திருக்கும். சின்ன வயதில் சீப்பைக் கேட்க வேண்டுமென்றால் தலையைக் காட்டி, அது, அந்த வாருறது என்பாள். பிரிட்ஜுக்கு ஜில்லுப் பெட்டி. எல்லோரும் சிரித்தோம், அழகாக இருந்தது, அக்கம்பக்கத்தில் கூப்பிட்டுச் சொல்லிக் காட்டச் சொன்னார்கள். பெரியவளாக ஆக அந்தச் சிரிப்பு நின்றுபோனது. வகுப்பில் எழுந்து நின்று பதில் தெரிந்தும் சொல்ல முடியாமல் உட்காருகிற பெண். எழுதிக் காட்டு என்பார்கள், எழுதினாலும் அதே கதைதான், பேனா தாளில் ஒரு இடத்திலேயே நின்று மை ஊறும். அவளுக்கு எது என்று தெரியும், அது எப்படி இருக்கும், என்ன மணம், எங்கே பார்த்தாள், எல்லாம் தெரியும், பெயர் மட்டும் வராது. நானானால் கேஸ் ஏஜென்சியில் நாள் முழுக்க போன் எடுத்துப் பேசுகிறவள். வணக்கம் சொல்லுங்க சார், உங்க சிலிண்டர் நாளைக்கு வந்துடும் மேடம், டியூப் லீக்கா, முதல்ல ரெகுலேட்டரை ஆஃப் பண்ணுங்க, ஜன்னலைத் திறங்க, லைட் சுவிட்ச்சைத் தொடாதீங்க. எதிர்முனையில் இருப்பவர் பதறிக்கொண்டு வாக்கியத்தைத் தொடங்குவார், நான் முடித்துக் கொடுப்பேன். அதுதான் என் வேலை, அதில் கெட்டிக்காரி என்று பெயர். வீட்டிலும் அப்படியே. சுபி வாய் திறப்பாள், நான் சொல்லைத் தூக்கிக் கொடுப்பேன், அவள் தலையாட்டுவாள், சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. அவள் தலையாட்டியது எல்லாம் சரி என்பதால்தான் என்று நினைத்திருந்தேன்.

அப்படி இல்லை என்று போன வருஷம் தெரிந்தது. வகுப்பு டீச்சரின் செல்போன் காணாமல் போயிருந்தது. யாரோ, சுபி மேசை பக்கம் நின்றதைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். இவள் நோட்டு வைக்கப் போனேன் என்று சொல்ல வேண்டும், நோட்டு என்ற சொல் வரவில்லை. நோட்டு! எத்தனை சின்னச் சொல். அந்த, அது, வைக்க, என்று நின்றிருக்கிறாள். நீதானே எடுத்தே என்றார் டீச்சர். இவள் தலையாட்டினாள். என்னை வரச் சொன்னார்கள், நான் போய் நின்றேன், பொண்ணே ஒத்துக்கிட்டா என்றார்கள். போன் மறுநாள் ஸ்டாஃப் ரூம் பீரோவுக்குப் பின்னாலிருந்து கிடைத்தது, அது வேறு விஷயம். ஏன்டி தலையாட்டினே, ஏன் ஆட்டினே என்று நான் உலுக்கியபோது அவள் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு சொன்னாள், "முடியட்டும்னு." அவ்வளவுதான். முடியட்டும் என்று. எல்லோரும் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது யாராவது ஒரு சொல்லை நீட்டினால் அது எந்தச் சொல்லாக இருந்தாலும் அவள் வாங்கிக்கொள்வாள். திருடி என்று நீட்டினாலும். அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் போனோம். சின்னப் பெண், கல்யாணம்கூட ஆகியிருக்காது, ஆனால் என்னைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னாள், "நீங்க எடுத்துக் கொடுக்கக் கூடாதுங்க. எங்க நடந்துச்சு, அது எதுக்கு, எப்படி இருக்கும், அப்படின்னு கேளுங்க. இதுவான்னு மட்டும் கேட்காதீங்க." இதுவா என்று கேட்கக் கூடாது. இப்போது என் தொண்டையில் இருக்கிறதெல்லாம் அதுதான். அவனா. தொட்டானா. எங்கே தொட்டான். இந்த மூன்றும் நாக்கின் நுனியில் வரிசையாக நிற்கின்றன, வாயைத் திறந்தால் விழுந்துவிடும், விழுந்தால் அவள் தலையாட்டுவாள், களைத்துப் போய், முடியட்டும் என்று, அதற்குப் பிறகு அது நடந்ததா நடக்கவில்லையா என்று எனக்குச் சாகிறவரை தெரியாது. அவளுக்கே தெரியாமல் போய்விடும்.

"ஆட்டோ," என்கிறேன். அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லலாம், அதற்கு அனுமதி உண்டு. "ஆட்டோ… மாமா…" என்கிறாள், முகம் கோணுகிறது. ஆனந்த் மாமா. முருகானந்தம். மூன்றாம் வகுப்பிலிருந்து அவன் ஆட்டோவில்தான் போகிறாள். மழையில் சைக்கிள் கடைப் பக்கம் முட்டளவு தண்ணீர் நின்றபோது குழந்தைகளை ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் விட்டவன். தூக்கிக்கொண்டு. ஐயோ. அப்போது அதை எவ்வளவு நன்றியோடு பார்த்துக்கொண்டு நின்றேன், காப்பி போட்டுக் கொடுத்தேன், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். மேல்வீட்டில் வாஷிங் மெஷின் சுற்றுகிற சத்தம் கூரை வழியாக இறங்குகிறது, கடகடவென்று, அது நிற்க வேண்டும், அது நின்றால் இவளுக்குச் சொல் வரும் என்று தோன்றுகிறது, மேலே ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கிவிடலாம் போல் இருக்கிறது. "ஆட்டோல… நான்… நான் வந்து… போகல. இல்ல. நிக்கல. இல்ல இல்ல." காலால் தரையை உதைக்கிறாள். பக்கத்துச் சொற்கள் வருகின்றன. அவளுக்கு வேண்டிய சொல்லுக்குப் பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் தட்டுகிறாள். எனக்குத் திடீரென்று ஞாபகம் வருகிறது. திங்கட்கிழமை சாப்பிடும்போது, அம்மா, ஆட்டோல வந்து, என்று ஆரம்பித்தாள். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "என்ன, இடம் பத்தலையா? நெருக்குறாங்களா?" என்றேன். தலையாட்டினாள். மறுநாள் காலையில் நான் தெருவுக்குப் போய் ஆனந்திடம், தம்பி, சுபிக்குக் கொஞ்சம் இடம் பார்த்து உக்கார வைங்க என்றேன். அவன் சிரித்தான். "அதுக்கென்னக்கா, முன்னாடி சின்னதுங்களை என் பக்கத்துல வச்சுக்கிறேன், பின்னாடி தாராளமா இருக்கும்" என்றான். நானும் சிரித்தேன். நானும் சிரித்தேன். எத்தனை நாளாக இவள் ஆரம்பித்துக்கொண்டிருக்கிறாள், எத்தனை முறை நான் முடித்துவைத்தேன், எல்லாவற்றையும் பின்னோக்கித் தேடுகிறேன், இடம் பத்தலையா, பசிக்குதா, தலைவலியா, அவ்வளவு தலையாட்டல்கள், அவற்றுக்கு அடியில் என்னென்ன கிடக்கின்றனவோ.

தரையில் உட்கார்கிறேன். அவளும் உட்காரட்டும் என்று. பையைக் கழற்று என்று சொல்லவில்லை, அவளே கழற்றுகிறாள். அவள் கையைப் பார்க்கிறேன், கீறல் இருக்கிறதா, கழுத்தைப் பார்க்கிறேன், தெரியாமல் பார்க்க வேண்டும், பார்க்கிறேன் என்று தெரிந்தால் அதையே ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு தலையாட்டிவிடுவாள். இவள் அப்பாவுக்கு போன் செய்யலாமா, ஷிப்டில் இருக்கிறார், போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், எடுக்க மாட்டார். எடுத்தாலும் என்ன சொல்வேன், எனக்கே இன்னும் ஒன்றும் தெரியாது, பின்னும் நூலும்தான் தெரியும். கேஸ் லீக் என்று போன் பண்ணுகிறவர்களுக்கு நான் சொல்லுகிறேனே, ஜன்னலைத் திறங்க, எதையும் பற்ற வைக்காதீங்க, காத்து உள்ள வரட்டும். ஜன்னலைத் திற. பற்ற வைக்காதே. "எங்க நடந்துச்சு, சுபி?" என்கிறேன். குரல் யாருடையதோ மாதிரி வருகிறது, ஆனால் நிதானமாக வருகிறது. அவள் நிமிர்கிறாள். "இங்க," என்று தெருப் பக்கம் கை காட்டுகிறாள். "நம்ம வீட்டு… அங்க. ஆட்டோ நின்னுச்சு. நான்…" கை இரண்டையும் முன்னால் நீட்டி எதையோ பிடித்துக்கொள்கிறாள், கம்பியைப் பிடிப்பது போல, விரல் வெளுக்க. உடம்பு பின்னால் சாய்ந்து தன்னை இருக்கையில் அழுத்திக்கொள்கிறது. இழுக்கிறார்களா இவளை. யாராவது இழுக்க இவள் பிடித்துக்கொண்டாளா. இழுத்தானா என்று கேட்காதே, கேட்காதே, கடித்துக்கொள். உதட்டுக்குள் உப்பு கரிக்கிறது. "அது எப்படி இருக்கும், காட்டு," என்கிறேன். அவள் மறுபடியும் கம்பியைப் பிடிக்கிறாள், தலையை இல்லை இல்லை என்று ஆட்டுகிறாள், காலைத் தரையில் ஊன்றுகிறாள். வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. எப்போது நின்றது தெரியவில்லை. அமைதியில் அவள் மூச்சு மட்டும் கேட்கிறது, வாய் ஒரு எழுத்தின் வடிவத்துக்குப் போய்ப் போய்த் திரும்புகிறது, எ, எ, நான் மூச்சு விடாமல் இருக்கிறேன், எனக்குத் தெரிந்துவிட்டது, எனக்கு அந்தச் சொல் தெரிந்துவிட்டது, அதைச் சொல்லாமல் இருப்பது வாந்தியை அடக்குவது போல் இருக்கிறது.

"எறங்கல," என்கிறாள். "நான் எறங்கல." சொன்னதும் அவள் கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, அழுகை அல்ல, ஏதோ கனத்தை இறக்கிவைத்தவர்களுக்கு வருகிற தண்ணீர். பிறகு மற்றதெல்லாம் வருகிறது, ஒழுங்காக அல்ல, முன்னும் பின்னுமாக, நடுவில் நின்று நின்று, ஒரு சொல்லுக்கு மூன்று சொல் போட்டுப் பார்த்து. நான் ஒன்றையும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஆட்டோவில் கடைசியாக மிச்சம் இருப்பது இவளும் மிதுலாவும். மிதுலா யு.கே.ஜி. படிக்கிற குழந்தை, இரட்டைக் குடுமி, வாட்டர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரும், இங்கிருந்து வாய்க்கால் தாண்டிப் புது வீடுகள் கட்டியிருக்கிற பக்கம் அவர்கள் வீடு. ஆனந்த் அவளைத் தன் மடியில் உட்கார வைத்துக்கொள்கிறான், வண்டி ஓட்டக் கத்துத் தரேன் என்று. சுபி அதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். என்ன பார்த்தாள் என்பதற்கு அவளிடம் சொல் இல்லை. எனக்கும் இல்லை. "பாப்பா, வேணாம் மாமான்னு சொல்லுது. அவன்… விட மாட்டேங்கிறான். அது அழுவுது, சத்தமில்லாம." இன்றைக்கு நம் தெருமுனை வந்தது, இறங்கு சுபி என்றான். இவள் இறங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்குடி, எனக்கு நேரமாகுது என்று கத்தினான், இறங்கி வந்து கையைப் பிரிக்கப் பார்த்தான், துப்பட்டா அவன் கையில் இழுபட்டுப் பின் திறந்துகொண்டது. இவள் கத்தவில்லை, கத்தச் சொல் வேண்டுமே. உட்கார்ந்திருந்தாள். யாரோ பைக்கில் நின்று பார்க்கவும் அவன் வண்டியை எடுத்துவிட்டான். இவள் எக்கி மிதுலாவைப் பின்னால் இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தை ஈரமாகிவிட்டிருந்தது, பயத்தில். தோளில் தொங்கின துப்பட்டாவை எடுத்து அதைச் சுற்றி வைத்துக்கொண்டாள். அவர்கள் வீட்டு வாசல் வரைக்கும் போய், குழந்தையோடு இறங்கி, பிறகு வாய்க்கால் கரையோடு நடந்தே வந்திருக்கிறாள்.

அப்பாடா என்று என் உடம்பு சொல்கிறது. என் மகளை இல்லை. அவளை ஒன்றும் செய்யவில்லை. தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் ஏதோ தளர்ந்து சுவரில் சாய்கிறேன், அந்தத் தளர்வு எவ்வளவு சுகமாக இருக்கிறது, சாமி, எவ்வளவு சுகமாக இருக்கிறது, பக்கத்திலேயே அந்த இரட்டைக் குடுமி நிற்கிறது, வாட்டர் பாட்டிலோடு, என்னைப் பார்த்துக்கொண்டு. ஒரு தாய் இப்படி ஆறுதல் படலாமா. படுகிறேன். அதற்கு மேலும் போகிறது மனசு. நாளையிலிருந்து ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிடலாம், உடம்பு சரியில்லை, அவங்க அப்பாவே கொண்டுவிடுவார் என்று ஏதாவது சொல்லலாம், நானே ஸ்கூட்டியில் விடலாம். அவன் இதே ஊரில் இருக்கிறவன், ஸ்டாண்டில் இருபது பேர் அவனுக்குத் துணை, நான் காலையும் மாலையும் தனியாக வண்டி ஓட்டிப் போய் வருகிறவள். போலீஸ் என்று போனால் யார் பார்த்தது என்று கேட்பார்கள். இவள் பார்த்தாள். சொல்லும்மா என்பார்கள். இவள் அந்த, அந்த என்று நிற்பாள். எழுதுகிறவர் பேனாவைத் தட்டிக்கொண்டு காத்திருப்பார், பிறகு அவரே ஒரு சொல்லை நீட்டுவார், இவள் தலையாட்டுவாள், அவன் பக்கத்து வக்கீல் இன்னொரு சொல்லை நீட்டுவார், அதற்கும் ஆட்டுவாள். பைத்தியம் என்பார்கள். மூளை வளர்ச்சி இல்லாத பெண், சொல்லிக் கொடுத்துச் சொல்ல வைத்திருக்கிறாள் அம்மாக்காரி என்பார்கள். சொல்லிக் கொடுத்து. இல்லை, நான் சொல்லிக் கொடுக்கவில்லை, நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், யாரிடம் போய்ச் சொல்வேன் அதை. அதைவிட அந்த அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, பேர் சொல்லாமல், உங்க பிள்ளையைப் பார்த்துக்கங்க என்று வைத்துவிட்டால். என் குரல் ஊர் பூராவும் தெரிந்த குரல், கேஸ் ஆபீஸ் அக்கா குரல். "நீ அவங்க அம்மாகிட்ட சொன்னியா?" என்று கேட்டுவிடுகிறேன், கேட்ட பிறகுதான் தெரிகிறது, சொல்லியிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், சொல்லியிருந்தால் என் வேலை முடிந்தது. சுபி கையை விரிக்கிறாள். "கேட்… கிட்ட. அந்தன்னு… நின்னேன். அவங்க, பாத்ரூம் வருதுன்னு சொல்லலையா, யூனிபார்ம்ல போயிட்டாளா, தேங்க்ஸ்மான்னு…" "நீ என்ன பண்ணினே?" அவள் என்னைப் பார்க்கிறாள். "ஆட்டினேன்," என்கிறாள்.

அதைச் சொன்ன பிறகுதான் அழுகிறாள். முகத்தை மூடிக்கொண்டு, முதுகு குலுங்க. நான் கை வைக்கிறேன், கையைத் தட்டிவிடுகிறாள். "நாளைக்கு… காலையில… பாப்பா…" அவ்வளவுதான் வருகிறது, அவ்வளவு போதும். நாளைக் காலையில் முதலில் ஏறுவதும் மிதுலாதான். நாங்கள் ஆட்டோ வேண்டாம் என்று சொன்னால் இந்தக் கடைசித் தெருக்களில் அந்தக் குழந்தையும் அவனும் மட்டும்தான். இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் மாட்டாள். நான் எழுந்திருக்கிறேன். எழுந்தேன் என்று கால் சொல்லித்தான் தெரிகிறது, மனசு இன்னும் சுவரில் சாய்ந்துகொண்டு போலீஸ், வக்கீல், ஸ்டாண்ட் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. அடுப்பை அணைக்கிறேன், ரெகுலேட்டரையும் மூடுகிறேன், பழக்கம். வேறு துப்பட்டா ஒன்றை எடுத்து நீட்டுகிறேன். "வா," என்கிறேன். "நீங்க சொல்லுங்கம்மா," என்கிறாள் உடனே, தடுமாறாமல், இந்த வாக்கியம் மட்டும் எப்போதும் தயாராக இருக்கும் அவளிடம், கடையிலும் பஸ்ஸிலும் பள்ளிக்கூடத்திலும், நீங்க சொல்லுங்கம்மா. சொல்கிறேன் என்று வாய் வரைக்கும் வருகிறது. எனக்கு ஒரு நிமிஷ வேலை. மடமடவென்று சொல்லிவிடுவேன். நான் சொன்னால், நீங்க பார்த்தீங்களா என்று அந்த அம்மா கேட்பாள், இல்லை, என் மகள் பார்த்தாள், அப்படியாம்மா என்று இவளைப் பார்ப்பாள், இவள் தலையாட்டுவாள். இவள் எதற்கும் தலையாட்டுவாள் என்று ஊருக்கே தெரியும். ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். வாய்க்கால் பாலத்தில் எதிரே ஒரு ஆட்டோ வெளிச்சம் கண்ணைக் கூச வைத்துக்கொண்டு வருகிறது, அவனோ என்று பார்ப்பதற்குள் வண்டி ஒருபக்கம் இழுக்கிறது, அவன் இல்லை, காய்கறி மூட்டை ஏற்றின யாரோ. திரும்பிவிடலாமா. இன்னும் திரும்பலாம். இந்தப் பெட்டிக்கடை வரைக்கும் திரும்பலாம். பெட்டிக்கடை தாண்டிவிட்டது. இடுப்பில் அவள் விரல்கள் கம்பியைப் பிடித்த மாதிரி பிடித்திருக்கின்றன.

மிதுலாவின் அம்மா பிரபாவதி கதவைத் திறந்து, "சுபி அம்மாவா? வாங்க வாங்க. அப்பவே நினைச்சேன், துப்பட்டாவைத் துவைச்சுத்தான் போட்டிருக்கேன், காயட்டும், நாளைக்கு ஆனந்த்கிட்டயே கொடுத்து விடுறேன்" என்கிறாள். ஆனந்த்கிட்டயே. கொடியில் துப்பட்டா சொட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே டிவி ஓடுகிறது, சோபாவில் அந்தக் குழந்தை கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டிருக்கிறது, இந்நேரத்துக்கே. "துப்பட்டாவுக்கு வரலைங்க," என்கிறேன். "சுபி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க கொஞ்சம் பொறுமையாக் கேக்கணும்." பிரபாவதி என்னைப் பார்க்கிறாள், நான் சொல்வேன் என்று. நான் சுபியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறேன், டைல்ஸில் ஒரு பொம்மைக் கார் கவிழ்ந்து கிடக்கிறது. "ஆன்ட்டி," என்கிறாள் சுபி. "பாப்பாவ… அந்த… ஆட்டோல… அந்த…" நிற்கிறது. டிவியில் யாரோ சிரிக்கிறார்கள். எல்லாச் சொற்களும் என் வாயில் இருக்கின்றன, வரிசையாக, எழுவாய் பயனிலையோடு. நகத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொள்கிறேன். பிரபாவதி குனிந்து, நல்ல மனசோடு, உதவி செய்கிற முகத்தோடு, "என்னம்மா, மிதுலா ஆட்டோல சேட்டை பண்றாளா? உன்னை அடிச்சாளா?" என்கிறாள். சுபியின் தாடை இறங்குகிறது. அந்த அசைவு எனக்குத் தெரியும், ஆரம்பமே தெரியும், இன்னும் கொஞ்சம் இறங்கினால் ஆமாம், முடிந்தது, எல்லோரும் சிரித்து, தண்ணீர் குடித்து, வீட்டுக்குப் போகலாம். என் உயிர் அந்தத் தாடையில் தொங்குகிறது. பாதியில் நிற்கிறது. "இல்ல," என்கிறாள். "இல்ல ஆன்ட்டி. அது இல்ல. இருங்க." இருங்க என்று ஒரு பெரிய மனுஷியிடம் என் மகள் சொல்லி நான் கேட்டதில்லை. பிரபாவதியின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகிறது. ரிமோட்டை எடுத்து டிவியை அணைக்கிறாள். குழந்தையின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சோபாவின் ஓரத்தில் உட்காருகிறாள். சுபி சொல்ல ஆரம்பிக்கிறாள், ஆட்டோவிலிருந்து, கண்ணாடியிலிருந்து, பாப்பா வேணாம் மாமா என்றதிலிருந்து, நின்று, தவறிப்போய், திரும்பி வந்து, இல்ல இல்ல என்று தன்னையே திருத்திக்கொண்டு. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பாதியிலேயே பிரபாவதி குழந்தையை அப்படியே அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள், அது தூக்கத்தில் சிணுங்கியது, விடவில்லை. முடிந்த பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை. சுபியைத்தான் பார்த்தாள். "அவர் வந்ததும் ஸ்டேஷனுக்குப் போவோம்," என்றாள், சொல்லே வெளியே வராத குரலில். "அங்க கேப்பாங்கம்மா. எல்லார் முன்னாடியும் கேப்பாங்க. இதே மாதிரி சொல்லுவியா?" நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். சுபி புதுத் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு யோசித்தாள். அது யோசனையா, சொல் வராமல் நிற்பதா என்று எனக்குத் தெரியவில்லை, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தெரியவில்லை.

"சொல்லுவேன்," என்றாள். பிறகு, "ஆனா நேரமாகும் ஆன்ட்டி."